கஞ்சாத் தைலத்தின் நிறம் மாறுவது ஏன்?

ஒரே வகைக் கஞ்சாச் செடியிலிருந்து வடிக்கப்பட்ட இரு தைலங்களுள் ஒன்று வெளிறிய தேன் நிறத்தையும், மற்றொன்று ஆழ்ந்த செந்நிறத்தையும் கொண்டிருப்பதுண்டு. நிறம் கறுத்திருந்தால் வீரியம் மிகுதி என்று கருதுவோரும், நிறம் தெளிந்திருந்தால் தூய்மை மிகுதி என்று கருதுவோரும் உளர். இவ்விரண்டையும் முழுதும் நம்புதற்கில்லை. தைலத்தின் நிறம் பெரும்பாலும் அது கடந்துவந்த வரலாற்றையே உணர்த்துகிறது. இதனை விளக்கக் கல்கத்தாவில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியை முதற்கண் காண்போம்.

கல்கத்தாவில் தொடக்கம்

1835ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் வில்லியம் புரூக் ஓஷானசி. கஞ்சாவின் பிசினைச் சாராயத்தில் கரைத்தெடுத்து, அதனை விலங்குகளிடத்தும், பின்னர் வாதநோய், இசிவுநோய் முதலியவற்றால் வருந்திய நோயாளிகளிடத்தும் சோதித்து, தம் முடிவுகளை 1839ஆம் ஆண்டில் வெளியிட்டார். தூய பிசின் கருஞ்சாம்பல் நிறமுடையது என்று அவர் குறித்துள்ளார். அவர் வாயிலாக இம்மருந்து இங்கிலாந்திலும் பரவியது.

ஆயினும் ஒரு பெருங்குறை நேர்ந்தது. ஒரு சீசாவிலிருந்த மருந்தின் வலிமை மற்றொன்றில் இருப்பதில்லை. ஒரே அளவு மருந்து ஒரு நோயாளிக்குப் பயனின்றிப் போகவும், மற்றொருவருக்கு மிகையாகித் தீங்கு விளைக்கவும் கூடும். நிறத்தைக் கண்டு வலிமையை மதிப்பிடவும் வழியில்லை. இம்மருந்து செல்வாக்கிழந்து, 1932ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருந்து நூலினின்று நீக்கப்பட்டதற்கு இத்தகைய நிலையின்மையும் ஒரு காரணமாகும்.

பச்சை நிறம்

சாராயம் பிசினை மட்டும் கரைப்பதில்லை. இலையிலுள்ள பச்சையத்தையும், மஞ்சள் நிறமிகளையும், மெழுகையும் உடன்கொண்டு வருகிறது. ஆகையால் முதற்சாறு பச்சையாகவோ கரும்பச்சையாகவோ காணப்படும். பச்சையத்தின் மூலக்கூற்று நடுவில் மக்னீசியம் உள்ளது. அமிலமும் வெப்பமும் தாக்கும்பொழுது அம்மக்னீசியம் நீங்கிவிடும். பச்சை மாறி மங்கிய பழுப்புப் பச்சையாகும். கீரையை நெடுநேரம் வேகவைத்தால் அதன் நிறம் மங்குவதும் இக்காரணத்தாலேயே.

வடித்தலின் பயன்

செந்நிற ரோஜா இதழ்களிலிருந்து வடிக்கப்படும் பன்னீர் நிறமற்றிருப்பதை யாவரும் அறிவர். மணப்பொருள் நீராவியுடன் செல்கிறது. நிறப்பொருள் கலத்திலேயே தங்கிவிடுகிறது. கஞ்சாத் தைலத்திலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. பச்சையம் எளிதில் ஆவியாவதில்லை. எனவே அடிவண்டலில் தங்கும். ஆனால் பிசினிலுள்ள பொருள்கள் மிக உயர்ந்த வெப்பநிலையில் கொதிப்பவை. சாதாரணக் காற்றழுத்தத்தில் அவ்வளவு சூடேற்றினால் அவை சிதைந்துவிடும். ஆதலின் அழுத்தத்தைக் குறைத்து வடிப்பர். அப்பொழுதும் வெப்பம் மிகுந்தாலோ காற்றுப் புகுந்தாலோ சிதைவுப்பொருள்கள் தைலத்தில் கலந்து நிறம் ஊட்டும்.

1896ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்னும் மூவர் இந்தியச் சரஸைக் குறைந்த அழுத்தத்தில் வடித்து, ஒரு சிவப்பு எண்ணெயைப் பெற்றனர். அதற்குக் கன்னாபினால் என்று பெயரிட்டனர். பின்னர் அஃது ஒரு கலவை என்பது தெளிவாகி, அப்பெயர் அதிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு தனிப்பொருளுக்கே உரியதாயிற்று. அத்தனிப்பொருளோ நிறமற்ற படிகம்! போதைக்கு முதற்காரணமான டெட்ராஹைட்ரோகன்னாபினால் 1964ஆம் ஆண்டில்தான் இஸ்ரேலில் காவோனி, மெஷூலம் ஆகியோரால் தூய நிலையில் பிரிக்கப்பட்டு, அதன் அமைப்பும் நிறுவப்பட்டது. அதற்கும் தனக்கெனச் செந்நிறம் இல்லை.

சிவப்பும் ஊதாவும்

அவ்வாறாயின் சிவப்பு எங்கிருந்து வந்தது? வாழைக்காயை அரிந்து வைத்தால் வெட்டுவாய் கறுக்கிறது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து குவினோன் என்னும் நிறப்பொருள்களாக மாறுவதே காரணம். வாழைக்காயில் நொதி இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. கஞ்சாத் தைலத்தில் நொதியின்றியே, காற்று, ஒளி, வெப்பம் ஆகியவற்றால் இது மெல்ல நடைபெறுகிறது. தைலத்தின் முக்கியப் பொருள்களும் பீனால் இனத்தவையே. காரம் இருப்பின் மாற்றம் விரையும். கார்ட்டூம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பீம் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனை அடிப்படையாகக் கொண்டது. அதில் கன்னாபிடயால் காரத்துடன் சேர்ந்து ஊதா நிறம் தருகிறது.

நாள் செல்லச் செல்ல டெட்ராஹைட்ரோகன்னாபினால் ஹைட்ரஜனை இழந்து, வீரியம் குறைந்த கன்னாபினாலாக மாறுகிறது. ஆகவே மிகச் சிவந்த தைலம் பழைமையால் வலிமை குன்றியதாகவும் இருக்கலாம். மேலும், மெல்லிய படலத்தில் மஞ்சளாகத் தோன்றும் அதே தைலம் ஆழமான சீசாவில் சிவப்பாகத் தோன்றும் என்பதையும் மறத்தலாகாது.

களப்பணியாளர் கவனத்திற்கு

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பிரித்தெடுத்த கஞ்சாப் பிசினை அது எவ்வடிவில் இருப்பினும் சரஸ் என்றே கொள்கிறது. செறிந்த எண்ணெயும் அதில் அடங்கும். நிறத்தால் விலக்கு இல்லை. எனினும் கைப்பற்றியபொழுது தேன் நிறமாக இருந்த பொருள் ஆய்வுக்கூடத்தை அடையும்பொழுது சிவந்திருந்தால், மாதிரி மாற்றப்பட்டதோ என்ற ஐயம் எழக்கூடும். ஓர் உயிரின் விடுதலையோ தண்டனையோ அவ்வையத்தைப் பொறுத்திருக்கலாம். ஆதலால் கைப்பற்றிய நாளையும், நிறத்தையும், கலத்தின் தன்மையையும் அன்றே எழுதிவைத்தல் வேண்டும். மாதிரியை இறுக மூடி, ஒளிபடாமல், குளிர்ந்த இடத்தில் காத்தல் வேண்டும். பொருள் இன்னதென்றும், வலிமை இவ்வளவென்றும் துணிதல், கொல்கத்தாவில் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியத் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் போன்றவற்றின் பணியாகும்.

ஆசிரியர்கள் இதனை விளக்க முருங்கையிலையே போதும். அதனைச் சாராயத்தில் ஊறவைத்துப் பெற்ற பச்சைச் சாற்றை இரு குப்பிகளில் ஊற்றி மூடி, ஒன்றை இருளிலும் மற்றொன்றை வெயிலிலும் வைக்கலாம். சாராயம் எளிதில் தீப்பற்றுமாதலால் அருகில் நெருப்பு இருத்தலாகாது. வெயிலில் வைத்த சாறு வெளிறிப் பழுப்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். இலை ஒன்றே, சாறு ஒன்றே. வேறுபட்டது அது பட்ட ஒளி மட்டுமே.