சிறுபோகக் கூட்டமும் குளத்து நீரும்

சிறுபோக விதைப்புக்கு முன் கமக்காரர் கூடுவது நீரை முறையாகப் பங்கிடுவதற்கேயாம். ஆதலால், கூட்டத்தை நடத்துவோர் குளத்தின் நீர்மட்டத்தை முதல் நாளே பார்த்து வருதல் வேண்டும். வாய்க்காலின் கடைசி வயற்காரரை முதலிற் பேசவிடல் நன்று. நீர் குறைந்தால் முதலில் வாடுவது அவர்தம் பயிரே. செய்யக்கூடிய ஏக்கர் அளவு, வாய்க்கால் துப்புரவு, விதைப்பு முடியும் நாள், நீர் நிறுத்தும் நாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தீர்மானித்தல் வேண்டும். நீர் போதாதாயின், துருசுக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் அனைவரும் பங்கிட்டு, பி.ஜி. 300 போன்ற மூன்று மாத இனத்தை விதைக்கலாம். ஒருவர் பிந்தி விதைத்தாலும், அவர் பயிருக்காகத் துருசைப் பின்னரும் திறக்க நேரிடும். ஆகவே, கலைந்து செல்லுமுன் தீர்மானங்களை எல்லோருங் கேட்க வாசித்தல் அவசியமாகும்.