மேலதிக ஐ.பி. இலக்கங்கள்: 'யெஸ்' சொல்ல முன்...

லண்டனில் எம்மவர் ஒரு சின்னக் கடையோ, பணம் அனுப்பும் நிலையமோ திறந்து கொஞ்ச நாளில் இன்ரநெற் விற்பவர்கள் தொலைபேசியில் வந்துவிடுவார்கள். "ஒரு நிலையான ஐ.பி. இலக்கம் காணாது, மேலதிகமாக 5 எடுங்கள்" என்பார்கள். அவர்கள் கதைக்கும் வேகத்துக்கு எங்களுக்கு 'யெஸ்' மட்டும்தான் வாயில் வரும். அதை வைத்தே 2 வருட ஒப்பந்தம் தயாராகிவிடும்.

ஐ.பி. இலக்கம் வீட்டு இலக்கம் மாதிரி. வந்த புதிதில் ஒரே வீட்டில் 4 குடும்பம் இருக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஒரு இலக்கம்தான். வருகிற கடிதங்களை ஒருவர் எடுத்து, யாருடையது எது என்று பிரித்துக் கொடுப்பார். றவுட்டர் செய்வதும் இதே வேலைதான். உள்ளே ரி.வி., கமரா, கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள் இலக்கம். வெளியே தெருவுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. சாதாரண இணைப்பில் அது இடைக்கிடை மாறும். மாறாமல் ஒன்றைத் தந்தால் அது நிலையான இலக்கம்.

இதற்கு ஏன் காசு? பழைய முறையில் உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி இலக்கங்கள்தான். ஐரோப்பாவுக்குப் பங்கிடும் அமைப்பின் கையிருப்பு 2019 நவம்பர் 25இல் தீர்ந்துவிட்டது.

'5 இலக்கம்' என்பது உண்மையில் 8 இலக்கக் கட்டு. முதலாவதும் கடைசியும் பாவிக்க முடியாதவை. இன்னொன்று றவுட்டருக்குப் போகும். மிச்சம் 5. கொடுத்த பொருளில் தானியங்கி முறையை நிறுத்தி, நாலு விஷயத்தைக் கையால் எழுத வேண்டும்: அதற்குரிய இலக்கம், 255.255.255.248 என்ற மறைப்பு இலக்கம், வாசலாக றவுட்டரின் இலக்கம், கொம்பனி தரும் டி.என்.எஸ். இலக்கம். றவுட்டரிலும் அந்தக் கட்டைப் பதிய வேண்டும். ஒரு இலக்கத்தை இரண்டு பொருளுக்குக் கொடுத்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

யாருக்குத் தேவை? ஒரே இணைப்பில் இரண்டு வியாபாரம் நடத்தி, இரண்டிலும் வெளியார் வந்து பார்க்கும் சேர்வர் வைத்திருப்பவருக்குத் தேவைப்படலாம். காட் மெசினுக்குத் தேவையில்லை, அது தானே வெளியே போய்க் கதைக்கும். இப்போதைய கமராக்கள் பலவும் அப்படித்தான். பதிந்த இலக்கத்திலிருந்து மட்டும் உள்ளே விடும் கந்தோர்களோடு வேலை என்றால், ஒன்று போதும். என்னோடு இரவு வேலை செய்யும் ஒரு அண்ணர் தம்பியின் கடைக்கு 5 எடுத்துக் கொடுத்தார். பாவிப்பது ஒன்று, கட்டுவது ஐந்துக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. சொந்த இலக்கம் கொடுத்த கமரா நேரே தெருவில் நிற்கிறது. 2016இல் மிறாய் என்ற கிருமி, விற்கும்போது இருந்த கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களுக்குள்தான் இலட்சக்கணக்கில் புகுந்தது.

கையெழுத்து விஷயத்தில் கவனம். வீட்டு இணைப்பைத் தொலைபேசியில் எடுத்தால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லச் சட்டம் இடம் தருகிறது. வியாபார இணைப்புக்கு அந்தச் சட்டம் இல்லை. நிலையான இலக்கக் கட்டுகளோ பெரும்பாலும் வியாபார இணைப்போடுதான் வரும். ஆனால் 2022 யூன் 17 முதல், 10 பேருக்கு மேற்படாத சிறு வியாபாரத்துக்கும் ஒப்பந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும் என்பது ஒவ்கொம் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தாவது வாசிப்பியுங்கள்.