பள்ளி விட்ட பின்னர்

மாலை வேளையில் மாணவர் எங்குச் செல்வது? பொஸ்ரன் நகரில் இவ்வினாவை எழுப்பியவர் சிறுவர்களே. அந்நகர்க் கணினி நூதனசாலையில், விடுமுறையொன்றின்போது லெகோ கட்டைகளாற் பொறிகள் செய்து அவற்றைக் கணினியால் இயக்கப் பயிற்றினர். விடுமுறை கழிந்த பின்னும் சில சிறுவர் அவற்றைத் தேடி வந்தனர். அவர்களுக்குக் கொடுக்க அங்கு யாதுமில்லை. அதன் பயனாக, நற்றலி றஸ்க், மிச்செல் றெஸ்னிக் ஆகியோர் முயற்சியால், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வுகூடத்தின் துணையோடு, 1993இல் ஏழைச் சிறுவர்க்கெனக் கணினிக் கழகம் தோன்றிற்று.

அங்கே பாடத்திட்டமில்லை, தேர்வுமில்லை. சோதனைக்கே படித்துப் பழகிய யாம் இதனை வெறும் விளையாட்டென்றே முதலில் எண்ணினோம். ஆயின், தாம் விரும்பிய விளையாட்டுக்களைத் தாமே ஆக்கமுயன்று அச்சிறுவர் இடர்ப்பட்டதைக் கண்டே, கட்டளைகளைக் கட்டைகள்போற் பொருத்தும் ‘ஸ்கிறாச்’ என்னும் கணினிமொழியை அவ்வாய்வுகூடத்தார் ஆக்கி 2007இல் வெளியிட்டனர்.