கழுத்துக்கு ஒரு துணி, வாய்க்கு ஒரு துணி

டொரொண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குளிர்காலத்திலும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர். கடைக்குப் போய் நெக் வார்மர் கேட்டால் மெரினோ கம்பளி, ஃப்ளீஸ், காற்றுப் புகாதது, பேட்டரியில் சூடேறுவது என்று வரிசையாக எடுத்துப் போடுகிறார்களாம். அட்டையில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டு: குளிர்காற்றை உள்ளே விடாது, ஈரத்தை வெளியே விடும், கழுத்து, வாய், மூக்கு மூன்றையும் காக்கும். “இதில் எதை நம்பி வாங்குவது?” என்று கேட்கிறார்.

அட்டையை நம்ப வேண்டாம். கழுத்துக்கு வேண்டியது காற்றைத் தடுக்கும் துணி. வாய்க்கு வேண்டியது காற்றை விடும் துணி. ஒரே குழாய்த் துணி இரண்டையும் செய்யும் என்று சொல்பவர் அதை விற்பவராக இருப்பார், இல்லையென்றால் மைனஸ் பத்தில் சைக்கிள் மிதித்தே இராதவராக இருப்பார்.

கழுத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய மர்மம் இல்லை. இலை அசையாத நாளிலும் சைக்கிளில் போகிறவர் தனக்கான எதிர்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தில் மைனஸ் 10 டிகிரியையும் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றையும் போட்டால் மைனஸ் 18 என்று விடை வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூத்திரத்தில் போடும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. முக உயரத்தில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடும் என்று சூத்திரமே கழித்துக்கொள்கிறது. சைக்கிள்காரர் முகத்தில் மோதுவதோ கழிவில்லாத முழு 20. ஆகவே அட்டவணையில் அவர் பார்க்க வேண்டிய கட்டம் 30. விடை கிட்டத்தட்ட மைனஸ் 20. வானொலியில் சொன்னதைவிட அதிகமாகக் குளிருகிறதே என்று அவர் நினைத்தால், அது பிரமை இல்லை.

ஆனால் அந்த எண் திறந்த தோலுக்குத்தான் பொருந்தும். காற்றை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. அதனால் கழுத்தின் முன்பக்கம் மட்டும் காற்றுப் புகாத மெல்லிய அடுக்கு இருந்தால் போதும், பின்பக்கம் சாதாரணத் துணி. பின்பக்கத்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்றால், பெடலில் 100 வாட் இறக்குகிறவர் உடம்புக்குள் 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருப்பார். சட்டைக்குள் சூடாகும் ஈரக்காற்று மேலேறி, காலர் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். புறப்பட்ட முதல் பத்து நிமிடம் அந்த வழியை மூடி வைப்பது சுகம். அதற்குப் பிறகும் மூடியே இருந்தால் முதுகு நனையும். கழுத்தில் உள்ள துணியை ஒரு விரலால் தளர்த்த முடிகிறதா என்று கடையிலேயே, கையுறை போட்டபடி, இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

இந்த இடத்தில் விற்பனைக்காரர்கள் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வீசுவார்கள்: உடல் வெப்பத்தில் பாதி தலையும் கழுத்தும் வழியாகப் போய்விடுகிறதாம். 1970ஆம் ஆண்டின் அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்று தலைக்கு மட்டும் 40 முதல் 45 சதவீதம் என்று எழுதிவைத்தது. உடம்பு முழுக்கக் குளிருடை போட்டுத் தலையை மட்டும் திறந்துவைத்த பழைய சோதனைகளின் எச்சம் அது. தலையை மட்டும் திறந்துவைத்தால் வெப்பம் வேறு எங்கே போகும்? ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2008லேயே இதை மருத்துவக் கட்டுக்கதைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தலையின் பரப்பு உடம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். கழுத்தின் விசேஷம் வேறு. அங்குள்ள தோல் குளிரை மிக நுட்பமாக உணர்கிறது. கழுத்தை மூடுவதால் மிச்சமாகும் வெப்பம் கொஞ்சம்தான், கிடைக்கும் நிம்மதி அதிகம். அதற்காகவே வாங்கலாம், தவறில்லை. பாதி வெப்பம் என்று கணக்குக் காட்ட வேண்டாம்.

இனி வாய். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மிதமாக மிதிக்கும் ஒருவர் நிமிடத்துக்கு சுமார் 40 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். 35, 40 லிட்டரைத் தொடும்போது பெரும்பாலோருக்கு மூக்கு போதாமல் வாயும் திறந்துகொள்ளும். வெளிவரும் மூச்சு 34 டிகிரி வாக்கில், ஆவி நிறைந்து இருக்கும். ஒரு கனமீட்டரில் 37 கிராம் நீர். மைனஸ் 10 டிகிரியில் உள்ளே இழுக்கும் காற்றிலோ எவ்வளவு ஈரம் இருந்தாலும் இரண்டரை கிராமைத் தாண்டாது. மீதியைக் கொடுப்பது தொண்டையும் மூச்சுக்குழாயும். கணக்குப் போட்டால், வாயால் மூச்சு விடுகிறவர் ஒரு மணி நேரத்தில் 80 கிராம் வரை நீரைக் காற்றில் கரைத்துவிடுகிறார். குளிரில் மிதிக்கும்போது நெஞ்சு எரிவதும், இறங்கிய பிறகு வறட்டு இருமல் வருவதும் பெரும்பாலும் இந்த வறட்சியால்தான். பல ஆண்டுகள் மைனஸ் குளிரில் பனிச்சறுக்குப் பாதையில் ஓடும் வீரர்களிடம் ஆஸ்துமா அதிகம் காணப்படுவதற்கும் இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு, வெப்பநிலை மைனஸ் 20க்குக் கீழே போனால் நெடுந்தூரப் போட்டிகளைத் தள்ளிவைக்கவோ ரத்து செய்யவோ விதி வைத்திருக்கிறது.

இப்போது வாயின் முன்னால் ஒரு துணியை இழுத்துவிடுங்கள். என்ன நடக்கிறது என்பதற்கு இட்லிப் பானையை நினைத்துக்கொண்டால் போதும். கொதிக்கும் தண்ணீர் இட்லியைத் தொடுவதே இல்லை. ஆவிதான் மேலேறி, குளிர்ந்த மாவில் படிந்து நீராகிறது. நீராகும்போது ஒவ்வொரு கிராமும் தன் உள்ளுறை வெப்பமான 2,260 ஜூலை மாவிடம் ஒப்படைக்கிறது. மாவு வேகிறது. வாய்த்துணியிலும் இதேதான். மூச்சில் வரும் ஆவி குளிர்ந்த இழைகளில் படிந்து நீராகி, கிராமுக்குச் சுமார் 2,450 ஜூலைத் துணியில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. குறைந்த வெப்பநிலையில் உள்ளுறை வெப்பம் சற்றுக் கூடுதல் என்பதால் இட்லியைவிட உங்கள் முகவாய்க்கு லாபம்.

சரி, இந்தப் பானையில் வேகும் மாவு எது? அடுத்த மூச்சு. உள்ளே இழுக்கும்போது மைனஸ் 10 டிகிரி வறண்ட காற்று அதே ஈர இழைகளுக்கு நடுவே நுழைந்து வருகிறது. அவை வைத்திருக்கும் சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு தொண்டைக்குப் போகிறது. இழை குளிர்கிறது, காய்கிறது, அடுத்த வெளிமூச்சுக்குத் தயாராகிறது. பானை உங்கள் நெஞ்சு, அடுப்பு காலையில் சாப்பிட்ட சாப்பாடு, தட்டில் விரித்த துணி இந்த நெக் வார்மர். ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தன் ஆவியைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் இட்லிப் பானை எந்தச் சமையலறையிலும் கிடையாது. வீணாகப் போகவிருந்த 80 கிராமில் ஒரு பகுதி, கூலி இல்லாமல், திரும்பி வருகிறது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. மருத்துவமனையில் தொண்டையில் குழாய் பொருத்தியவர்களுக்கு ‘செயற்கை மூக்கு’ என்று ஒரு சிறு வடிகட்டியை மாட்டுவார்கள். அதற்குள் இருக்கும் நுரைப்பஞ்சோ மடித்த தாளோ செய்யும் வேலை இதுவேதான்.

இந்த வேலைக்கு ஒரே நிபந்தனை: உள்மூச்சும் வெளிமூச்சும் அதே இழைகளின் வழியாகப் போய்வர வேண்டும். காற்றுப் புகாத துணியை வாய்க்கு மேல் இழுத்தால் பானைக்கு மூடி போட்டாயிற்று. மூடியின் அடியில் ஆவி முத்துமுத்தாகத் திரண்டு சொட்டும். பாட்டிகள் மூடியில் துணி கட்டியது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சொட்டு விழுந்த இட்லி என்ன ஆகுமோ அதுவே முகவாய்க்கும் ஆகும். மிஞ்சிய ஆவி மூடியின் ஓரத்தில் இடுக்குத் தேடும். முகத்தில் அந்த இடுக்கு மூக்கின் இரு பக்கமும்தான். குளிர்காற்றும் அதே இடுக்கின் வழியாக, எந்த இழையையும் தொடாமல், நேரே உள்ளே வரும். நூற்றுக்கு நூறு காற்றுத் தடுப்பு என்று அட்டையில் பெருமையாக அச்சடித்த குணம், வாய்ப் பக்கம் வந்ததும் குறையாகிவிடுகிறது.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை எழுதக் கூடாதாம், எழுதிவிடுகிறேன். காற்றுக்குளிரை முதலில் எண்ணாக்கியவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளையில் நீர் நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள், 1945இல் வெளியிட்டார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கனூட் ஷ்மிட்-நீல்சன், பாலைவனத்துக் கங்காரு எலி தன் மூச்சை மூக்கிலேயே குளிரவைத்து, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே விடுகிறது என்று காட்டினார். நம் மூக்கின் உள்மடிப்புகளும் அதையே கொஞ்சம் சுமாராகச் செய்கின்றன. வாயில் அந்த மடிப்புகள் இல்லாததால்தான் துணிக்கு இவ்வளவு மரியாதை. குழாய்த் துணியைச் சந்தைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது ஸ்பெயின் நாட்டு இகுவலாடா ஊரின் பஃப் நிறுவனம், 1990களின் தொடக்கத்தில். போதும்.

மைனஸ் பத்துக்குக் கீழே போனால் இன்னொரு வேடிக்கை சேர்ந்துகொள்கிறது. துணியின் உள்பக்கம் உங்கள் மூச்சின் சூடு, வெளிப்பக்கம் ஜனவரி. இரண்டுக்கும் நடுவே, துணியின் கனத்துக்குள்ளேயே எங்கோ, பூஜ்ய டிகிரிக் கோடு ஓடுகிறது. மூச்சை விடும்போது அந்தக் கோடு சற்று வெளியே தள்ளப்படும். இழுக்கும்போது உள்ளே வரும். கோட்டுக்கு வெளியே போன ஈரம் உறைபனியாகிறது. மெல்லிய துணியில் கோடு உதட்டுக்கு அருகிலேயே இருக்கும். கனமான, இடைவெளி நிறைந்த துணியில் அது தள்ளி நிற்கும். அரைமணியில் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உதறினால் கொட்டிவிடும். பயப்பட வேண்டியது உறைபனி துளைகளை அடைக்கும்போது: மூச்சு திணறும், ஆவி மறுபடியும் இடுக்குத் தேடும், நனைந்த துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டி அதைப்போல இன்னும் மூன்று நான்கு மடங்கு. காய்ந்த துணி காவல் என்றால், நனைந்து உறைந்தது திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும்.

இப்போது மெரினோ. கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், வாங்கும்போது வெப்பத்தையும் வெளிவிடும். இது உண்மை. முழு ஈரத்தில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரை, தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாமலே, வைத்திருக்கும்; பாலியெஸ்டர் இழை ஒரு சதவீதம்கூட வாங்காது. ஆனால் விளம்பரம் இங்கே நிறுத்திவிடும், நாம் கணக்கைத் தொடர்வோம். நெக் வார்மரில் 50 கிராம் கம்பளி இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொஞ்சம் ஈரம் உள்ளே இருக்கும் என்பதால் புதிதாக வாங்கக்கூடியது பத்துப் பன்னிரண்டு கிராம். மணிக்கு 80 கிராம் மூச்சு ஈரமும் துணியிலேயே தங்குவதாக வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்துக்குள் அந்த மாயம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மெரினோவும் ஒரு நனைந்த துணிதான். நாற்றம் குறைவு, தோலில் இதமாக இருக்கும், அவ்வளவே. கால்மணி நேரப் பயணத்துக்குக் கம்பளி அருமை. ஒரு மணி நேரம் என்றால் ஈரத்தை இழைக்குள் வாங்காத, உதறினால் பனி கொட்டிவிடும் பாலியெஸ்டர் ஃப்ளீஸ் மேல், விலையும் குறைவு. பருத்தி வேண்டாம், நனைந்ததும் சுருண்டு தோலில் ஒட்டி, இடைவெளிகளையெல்லாம் நீரால் நிரப்பிக்கொள்ளும்.

பேட்டரி வைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 7.4 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் மொத்தம் சுமார் 15 வாட்-மணி. ஒன்றரை மணி நேரத்துக்குப் பத்து வாட், அதுவும் குளிரில் லித்தியம் பேட்டரி சோம்பிப் போகாமல் இருந்தால். பக்கத்திலேயே 300 வாட் அடுப்பு ஒன்று மிதித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஸ்கார்பரோ வாசகருக்கு என் யோசனை இரண்டு துணி. கழுத்துக்கு, முன்பக்கம் காற்றுத் தடுக்கும் குட்டையான, இறுக்கமில்லாத ஒன்று. வாய்க்கு, ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் மூச்சு தெரியும்படியான மெல்லிய குழாய்த் துணி, இரண்டு மடிப்பாக. வாய்த்துணியில் மட்டும் இன்னொன்றைச் சட்டையின் உள்பையில் காயவைத்திருங்கள். பாதி வழியில் மாற்றிக்கொள்வது எந்த விலை உயர்ந்த துணியையும் தோற்கடிக்கும். 2013இல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்த பின்லாந்தின் ஔலு நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளே பனியில் சைக்கிளில் போகிறார்கள். இதற்கென்று வீரம் ஒன்றும் வேண்டியதில்லை. நீளமான மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், காரின் சக்கரத்தில் தன் நீண்ட கழுத்துத் துணி சிக்கி இறந்தார். நம் ஊரில் இருசக்கர வாகனங்களில் துப்பட்டா சக்கரத்தில் சிக்குவதைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதாகவும் வாசகர் எழுதியிருக்கிறார். வண்டி ஓடும்போது கண்ணாடி அதிகம் மங்காது. எதிர்காற்று ஆவியை அடித்துக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றதும் காற்று நிற்கும், மூச்சு மட்டும் இன்னும் வேகமாகவே இருக்கும், மங்கிவிடும். அதனால் சிவப்பு விளக்கைப் பார்த்ததும், வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே, வாய்த்துணியை முகவாய்க்குக் கீழே இறக்கிவிட வேண்டும். நின்ற பிறகு இறக்கினால் படிந்த ஆவி கண்ணாடியில் உறைந்துவிடும், துடைத்தால் கோடுகோடாகப் பரவும். பச்சை விழுந்து நாலு மிதி மிதித்த பிறகு மேலே ஏற்றிக்கொள்ளலாம்.