காப்பியும் கடனும்

அவசரத் தேவைக்குக் கடன் வாங்குவது குற்றமன்று. அளவறிந்து வாங்கித் தவணை தவறாமல் செலுத்தினால் அது தொழிலுக்குத் துணை நிற்கும். அளவு மீறினால் வட்டி ஏறிக் குடும்பத்தையே விழுங்கும். இவ்வுண்மையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே கணக்கு, நாம் நாள்தோறும் அருந்தும் காப்பிக்கும் பொருந்தும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் வட்டாரம் உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. கரிசல் நிலத்தில் பாடுபடுவோரும், தறியில் அமர்வோரும், தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குச் செல்வோரும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. இவர்களில் பலருக்கு நாட்கூலி இல்லை. செய்த வேலையின் எண்ணிக்கைக்கே கூலி. ஆகவே சாப்பாட்டுக்கு எழுந்தால் நேரம் போகிறது என்று கருதி, ஒரு தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம் வேரூன்றிவிட்டது. முன்பு காலை வேளையில் கம்பங்கூழும் நீராகாரமும் இருந்த இடத்தில் இன்று பல வீடுகளில் காப்பி மட்டுமே இருக்கிறது. சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும் என் போன்றோர்க்கும் ஊருக்கு ஊர் முதல் உபசாரம் காப்பியே. அன்போடு தருவதை மறுக்க மனம் வருவதில்லை. மாலைக்குள் எண்ணிக்கை ஆறு, ஏழு என்று உயர்ந்துவிடுகிறது!

காப்பி உண்மையில் பலம் தருகிறதா? இல்லை. நாம் உழைக்க உழைக்க, ‘இளைப்பாறு’ என்று மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்னும் பொருள் உடலில் சேர்ந்துகொண்டே வருகிறது. காப்பியிலுள்ள கஃபீன், அவ்வுணர்த்தலைச் சிறிது நேரம் தடுத்து வைக்கிறது, அவ்வளவே. களைப்பு நீங்குவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. நாளைய வலிமையை இன்றே கடனாக வாங்குகிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

உடலிற் சேர்ந்த கஃபீனில் பாதியளவு கழிவதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். மாலை 6 மணிக்குக் குடித்த காப்பியின் வேகம் இரவு 11 மணிக்கும் பாதி எஞ்சியிருக்கக் கூடும். உறக்கம் கெடுகிறது, மறுநாட் காலை அசதியோடு எழுகிறோம், அந்த அசதியைப் போக்க மேலும் ஒரு தம்ளர். பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் வாங்குவது போன்றதே இது. அளவு மிஞ்சினால் படபடப்பும், கை நடுக்கமும், நெஞ்செரிச்சலும் தோன்றும். இழை அறுந்தால் முடிச்சிட வேண்டிய நெசவாளிக்கு நடுங்கும் கை நட்டம். பட்டாசில் மருந்து செலுத்தும் தொழிலாளிக்கோ அது ஆபத்து.

அளவு எது? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் கொள்ளலாகாது என்று கூறப்பட்டுள்ளது. 150 மில்லி கொண்ட டிக்காக்ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் கஃபீன் உண்டு. சிக்கரியில் கஃபீன் இல்லை. ஆகவே சிக்கரி கலந்த தூளில் இவ்வளவு சற்றுக் குறையும். எப்படிப் பார்த்தாலும் நாளுக்கு இரண்டு, மூன்று தம்ளரோடு நிறுத்திக்கொள்வது நலம். இடையில் குடிக்கும் தேநீரையும் இக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

நிற்க. பெண்களைப் பொறுத்தவரை மற்றொரு கேடும் உண்டு, அதுவே பெரிது. காப்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேராதபடி தடுக்கின்றன. 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உணவோடு காப்பி அருந்தியபோது இரும்புச்சத்து சேர்வது 39 விழுக்காடும், தேநீர் அருந்தியபோது 64 விழுக்காடும் குறைந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்த சோகை உண்டு. அதாவது, நம் மகளிர் அங்கத்தினர் இருவரில் ஒருவர்! இதற்குக் காப்பி ஒன்றே காரணம் என்று கூற வரவில்லை. ஆனால் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால், ஒரு கையால் வரவு வைத்து மறு கையால் செலவெழுதுவதாகவே முடியும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பி, தேநீரைத் தவிர்க்க வேண்டும் என்று மேற்சொன்ன நிறுவனம் கூறுகிறது. முருங்கைக்கீரையும், கம்பும், உடன் ஒரு நெல்லிக்காயும் இரத்த விருத்திக்கு உதவுவன.

கருவுற்ற தாய்மார் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கொள்வோர் அதனைக் குறைத்தால், கருச்சிதைவும் குழந்தை எடை குறைந்து பிறப்பதுமாகிய அபாயங்கள் குறையும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியுள்ளது.

சர்க்கரையையும் மறக்கலாகாது. தம்ளருக்கு 10 கிராம் என்று கொண்டாலும், ஆறு தம்ளரில் 60 கிராம் ஆகிவிடும். நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்பது அதே உலக நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

இவ்வளவும் கூறியதால் காப்பியை நஞ்சென்று ஒதுக்க வேண்டியதில்லை. ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் அதனைப் பயிரிட்டுப் பிழைப்போர் நம்மைப் போன்ற விவசாயிகளே. காப்பியால் புற்றுநோய் வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லையென 2016-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. ஆனால் எந்தப் பானமாயினும் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பது உணவுக்குழலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றும் அது எச்சரித்தது. ஆகவே, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாகக் கருதாமல் ஆற்றிக் குடிப்பதே அறிவுடைமை.

பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலியும் சிடுசிடுப்பும் வரும். சில நாட்களில் அவை தணிந்துவிடும். வாரத்துக்கு ஒரு தம்ளராகக் குறைத்துவந்தால் அத்தொல்லையும் இராது. கடைக் காப்பி ஒன்றின் விலை 15 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஆறு தம்ளர் குடிப்பவர் இரண்டாகக் குறைத்தால் நாளுக்கு 60 ரூபாய், மாதத்துக்கு 1,800 ரூபாய், ஆண்டுக்கு 21,600 ரூபாய் மிச்சமாகும். சங்கத்தில் அதனைத் தொடர் வைப்பாகச் செலுத்தினால் வட்டி நம்மை நோக்கி வரும்.

முதற்படியாக, நம் சங்கக் கூட்டங்களில் காப்பிக்குப் பதில் நீர்மோர் வழங்கலாம். காலையில் வயிறார உண்டு, மாலை 4 மணிக்குப் பின் காப்பியைத் தவிர்த்து, இரவில் நன்றாக உறங்குவோமாக. உழைப்பவனுக்கு உடம்பே மூலதனம்; அதனை அடகு வைத்துப் பெறும் சுறுசுறுப்பு நமக்கு வேண்டாம்.