வடிவூட்ட உரைத் தொகுப்பி

வடிவூட்ட உரைத் தொகுப்பி என்பது தடித்த எழுத்து, தலைப்பு, பட்டியல், இணைப்பு, அட்டவணை முதலியவற்றுடன் கூடிய உரையை வலைச் செயலியின் பக்கத்திலேயே எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள் கூறு ஆகும். ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் என்ற ஆங்கிலப் பெயராலும் இது பரவலாக அறியப்படுகிறது. மின்னஞ்சல், வலைப்பதிவு, கலைக்களஞ்சியம், இணையவழி மனு எனப் பயனர் உரை எழுதும் பல இடங்களில் இதனைக் காணலாம். எழுதுபவர் எச்.டி.எம்.எல் குறியீடுகளை அறிந்திருக்க வேண்டியதில்லை.

ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்பி ஒன்றைப் பக்கத்தில் இணைக்கச் சில வரி நிரலே போதும். அதில் எழுதப்படும் தமிழ் உரை பிழையின்றிச் சேமிக்கப்படுவதும், பின்னாளில் தேடினால் கிடைப்பதும் தனியே கவனிக்கப்பட வேண்டியவை. திரையில் சரியாகத் தோன்றும் சொல் தரவுத்தளத்தில் வேறாக இருக்கக்கூடும். இக்கட்டுரை அதனை வடசென்னை ஊர்ப் பெயர்கள் சிலவற்றைக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

அச்சில் வரப்போகும் வடிவத்தையே திரையில் கண்டு திருத்தும் முறை, 1974இல் செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான பிராவோ என்னும் சொற்செயலியில் அமைந்திருந்தது. உலாவிகளில் இவ்வசதி பின்னரே வந்தது. 2000இல் வெளிவந்த இன்டர்நெட் எக்சுபுளோரர் 5.5, பக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்தத்தக்கதாக அறிவிக்கும் கன்டென்ட்எடிட்டபிள் என்ற பண்பை அறிமுகப்படுத்தியது. பிற உலாவிகளும் காலப்போக்கில் இதனை ஏற்றன.

இப்பண்பின் மீது 2003இல் எஃப்சிகேஎடிட்டரும் 2004இல் டைனிஎம்சிஇயும் எழுதப்பட்டன. முன்னது 2009இல் சிகேஎடிட்டர் எனப் பெயர் மாறியது. ஒவ்வோர் உலாவியும் ஒரே செயலுக்கு வெவ்வேறு எச்.டி.எம்.எல்லை உண்டாக்கியமையால், பின்வந்த குவில், புரோசுமிர்ரர் முதலியவை ஆவணத்திற்கென ஒரு தரவு மாதிரியைத் தாமே வைத்துக்கொண்டு, உலாவியைக் காட்சிக்கும் உள்ளீட்டிற்கும் மட்டும் பயன்படுத்தின. விக்கிமீடியா நிறுவனத்தின் காட்சித் தொகுப்பி 2013இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் பயனர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டது. விக்கிக் குறியீட்டை எச்.டி.எம்.எல்லாகவும், மீண்டும் விக்கிக் குறியீடாகவும் மாற்றும் பணிக்கு அது பார்சாய்டு என்ற தனி மென்பொருளைச் சார்ந்திருந்தது.

இணைக்கும் படிமுறை

வலைச் செயலி ஒன்றில் இக்கூறைச் சேர்க்கும் பணி பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. படிவத்தில் முதலில் ஓர் எளிய உரைப்பெட்டியை அமைத்தல். நிரல் இயங்காவிடினும் பயனர் எழுத இயல வேண்டும்.
2. தொகுப்பியின் நிரலை ஏற்றி, அவ்வுரைப்பெட்டியின் இடத்தில் அதனைத் தொடக்குதல்.
3. தேவையான பொத்தான்களை மட்டும் கருவிப்பட்டையில் வைத்தல். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்துக்கு இடம் குறைவு. மேலும், சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி செயற்கையாகச் சாய்த்துக் காட்டும்.
4. படிவம் அனுப்பப்படும்போது தொகுப்பியின் உள்ளடக்கத்தை வழங்கிக்கு அனுப்புதல்.
5. வழங்கியில் உரையைத் தூய்மையாக்கி, இயல்பாக்கி, அதன் பின்னரே சேமித்தல்.

முதல் நான்கு படிகள் தொகுப்பியுடன் வரும் கையேட்டிலேயே இருக்கும். ஐந்தாவது படி செயலியை எழுதுபவரின் பொறுப்பு. கீழே கூறப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் அப்படி விடுபடுவதால் எழுபவை.

எழுத்தும் குறியெண்ணும்

வடசென்னை மக்கள் தம் பகுதி முறையீடுகளைப் பதியும் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகுகளும் வலைகளும் பாழாயின. அத்தகைய வேளையில் ஊர்வாரியாக முறையீடுகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஊர்ப் பெயர் சரியாகச் சேமிக்கப்பட்டிருப்பது இன்றியமையாதது.

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் இல்லை. அகரமேறிய மெய்க்கும், அதனுடன் சேரும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. புள்ளிக்கும் ஒரு குறியெண் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் முதன்மைத் தொகுதியிலுள்ள ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டு இடம் பெறும். இதன்படி:

எண்ணூர்: 4 எழுத்துகள், 7 குறியெண்கள், 21 பைட்டுகள்
இராயபுரம்: 6 எழுத்துகள், 9 குறியெண்கள், 27 பைட்டுகள்
திருவொற்றியூர்: 7 எழுத்துகள், 14 குறியெண்கள், 42 பைட்டுகள்

எனவே "100 எழுத்துகளுக்கு மிகாமல்" என்று படிவத்தில் அறிவித்துவிட்டு, நிரலில் குறியெண்களையோ பைட்டுகளையோ எண்ணினால், தமிழில் எழுதுபவருக்கு அறிவித்ததைவிடக் குறைந்த இடமே கிடைக்கும். பைட்டுக் கணக்கில் உரையை வெட்டினால் இறுதி எழுத்து சிதைந்துபோகவும் கூடும்.

ஒரே தோற்றம், இரு வடிவம்

திருவொற்றியூர் என்ற பெயரிலுள்ள "வொ" என்னும் எழுத்தை இரு வகையில் சேமிக்கலாம். வகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக, அதாவது பதின்ம எண்ணில் 3018ஆக, இடுவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் முறையே 3014, 3006 எனத் தனித்தனியாக இடுவது மற்றொரு வகை. பின்னதில் பெயர் முழுவதற்கும் 15 குறியெண்களும் 45 பைட்டுகளும் ஆகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. முறையீடு தரவுத்தளத்தில் இருந்தும் அதைத் தேடும் அலுவலருக்குப் புலப்படாது.

உலாவியில் அழிவிசையைக் கொண்டே இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் அறியலாம். "வொ" என்பதன் பின் ஒருமுறை அழித்தால் முதல் வகையில் "வ" எஞ்சும். இரண்டாம் வகையில் "வெ" எஞ்சும்.

இதற்குத் தீர்வு ஒருங்குறி இயல்பாக்கம் ஆகும். இதன் வடிவங்களுள் என்எஃப்சி என்பது கொம்பையும் காலையும் ஒரே ஒகரக் குறியாக இணைக்கிறது. சாவாசிகிரிப்டு மொழியில் 2015ஆம் ஆண்டுத் தரம் முதல் இதற்கான செயற்கூறு உள்ளது. சேமிக்கும் உரை, தேடும் சொல் ஆகிய இரண்டையும் இவ்வாறு இயல்பாக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயல்பாக்குவதால் பயன் இல்லை.

இயல்பாக்கம் தீர்க்காத சிக்கல்களும் உள்ளன. "மௌனம்" என்ற சொல்லின் ஔகாரக் குறிக்கு மாற்றாகக் கொம்பையும் ளகரத்தையும் இட்டால், அது இயல்பாக்கத்தால் திருந்தாது. இராயபுரம், ராயபுரம் என்ற இரு வழக்குகளும் அவ்வாறே வெவ்வேறு சொற்களாகவே நிற்கும். இவற்றிற்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தேடலுடன் இணைக்க வேண்டும்.

உள்ளீட்டு முறைகள்

தமிழ்99 விசைப்பலகையிலும் ஒலிபெயர்ப்பு முறையிலும் ஒரு விசை அழுத்தம் ஓர் எழுத்தாக அமைவதில்லை. முன் அழுத்திய விசையைப் பொறுத்து உரை மாறிக்கொண்டே வரும். கைப்பேசி விசைப்பலகைகளும் ஒரு சொல்லை முடிவு செய்யும் வரை அதைத் தற்காலிக நிலையில் வைத்திருக்கக்கூடும். அந்நேரத்தில் தொகுப்பி பக்கத்தின் அப்பகுதியை மீண்டும் வரைந்தால் எழுத்துகள் இரட்டிக்கும், அல்லது மறையும். எனவே விசை அழுத்த நிகழ்வுகளை மட்டும் நம்பாமல், கோவை தொடக்கம், கோவை முடிவு ஆகியவற்றை அறிவிக்கும் உலாவி நிகழ்வுகளைக் கையாளும் தொகுப்பியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பழைய எழுத்துருக்களிலிருந்து ஒட்டுதல்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வாறு தட்டச்சு செய்த மனுவை வேர்டு ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டினால், அதே எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும். தூய்மையாக்கும்போது எழுத்துருப் பெயர் நீக்கப்பட்டவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேசு16 குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. எனினும் அதற்கு முந்தைய ஆவணங்கள் மிகுதி. ஆகவே ஒட்டும் நேரத்திலேயே எழுத்துருப் பெயரைக் கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும், அல்லது பயனரை எச்சரிக்க வேண்டும். மாற்றும் கருவி கொம்பை மெய்க்கு முன்னே விட்டுவிடாமல் பின்னே இடுகிறதா எனவும் சரிபார்த்தல் நன்று.

பாதுகாப்பு

பயனர் அனுப்பும் எச்.டி.எம்.எல்லில் தீய நிரலும் மறைந்திருக்கலாம். 2005 அக்டோபரில் மைசுபேசு தளத்தில் பரவிய சாமி என்ற புழுநிரல், பயனர் பக்கங்களில் எச்.டி.எம்.எல் இட அனுமதி இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டு, ஒரு நாளுக்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பயனர்களை எட்டியது. கருவிப்பட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது. தொகுப்பியைத் தொடாமலேயே வழங்கிக்கு எதையும் அனுப்ப இயலும். அனுமதிக்கப்பட்ட குறிகளையும் பண்புகளையும் பட்டியலிட்டு, ஏனையவற்றை வழங்கியிலேயே நீக்க வேண்டும்.

சேமிப்பும் தேடலும்

திருவொற்றியூர் என்ற பெயரில் "திரு" என்பதை மட்டும் ஒருவர் தடித்த எழுத்தாக்கினால், எச்.டி.எம்.எல்லில் அச்சொல்லின் நடுவே ஒரு குறி நுழைந்துவிடும். எச்.டி.எம்.எல்லை அப்படியே தேடினால் முழுப்பெயர் அகப்படாது. எனவே வடிவூட்டிய உரையுடன், குறிகள் நீக்கி இயல்பாக்கிய வெற்றுரையையும் தனிப் புலத்தில் சேமித்து, தேடலை அதன் மீது நடத்துவது வழக்கம்.

மைசீக்குவல் தரவுத்தளத்தின் மூன்று பைட்டு யூடிஎஃப்-8 அமைப்பு வழக்கமான தமிழ் உரையைத் தாங்கும். ஆனால் 2019இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட மாகாணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளுக்கு நான்கு பைட்டுகள் தேவை. பழைய நிலக் கணக்குகளைப் படியெடுக்கும் செயலிக்கு நான்கு பைட்டு அமைப்பே பொருந்தும்.

சோதித்தல்

தொகுப்பியை இணைத்தபின் பின்வருவனவற்றைச் சோதிக்கலாம்.

- திருவொற்றியூர் என்பதை இரு வகையிலும் உள்ளிட்டு, ஒரே தேடலில் இரண்டும் கிடைக்கின்றனவா எனப் பார்த்தல்.
- சொல்லின் ஒரு பகுதியைத் தடித்த எழுத்தாக்கிச் சேமித்துத் தேடுதல்.
- தமிழ்99, ஒலிபெயர்ப்பு, கைப்பேசி ஆகிய மூன்று வழிகளிலும் ஒரு பத்தி எழுதி, இடையில் அழித்துத் திருத்துதல்.
- பழைய எழுத்துருவில் அமைந்த ஆவணம் ஒன்றை ஒட்டுதல்.
- சேமித்த உரையை மீண்டும் திறந்து, மாற்றாமல் சேமித்து, இரு பதிப்புகளும் ஒன்றாக உள்ளனவா என ஒப்பிடுதல்.

முன்னரே தரவு உள்ள செயலியாயின், பழைய பதிவுகளையும் ஒருமுறை இயல்பாக்கிய பிறகே முதற் சோதனை முழுப் பயன் தரும்.