அறுந்தது நரம்பு அல்ல

திருமணமாகி நான்கு நாள் ஆன இளைஞர் அவர். தனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகச் சொல்லிவிட்டு, கடைசி ஆளாக உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "சார், அடியில இருக்கிற நரம்பு அறுந்துபோச்சு. நிறைய ரத்தம். இனிமே எனக்கு ஒண்ணும் முடியாதா?" என்றபடி, கறை படிந்த கைக்குட்டையை எடுத்துக் காட்டினார்.

பரிசோதித்தேன். அரை சென்டிமீட்டர் கிழிசல். ரத்தம் முந்தின இரவே உறைந்து நின்றிருந்தது. கிழிந்தது ஆண்குறி மொட்டின் அடியில் இருக்கும் வெறும் தோல்தான். ஊரில் அதை 'நரம்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாதி பயம் அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது.

எங்கே இருக்கிறது, எதற்கு?

நாக்கை மேலே மடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நாக்கின் அடியைக் கீழ்வாயோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய மடிப்பு தெரியும். அதே போன்ற ஒன்று ஆண்குறி மொட்டின் அடிப்பக்கத்தில், சிறுநீர்த் துவாரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி முன்தோலின் உட்புறத்தில் போய்ச் சேர்கிறது. இதற்கு மருத்துவப் பெயர் ஃப்ரெனுலம். லத்தீனில் 'சிறு கடிவாளம்' என்று பொருள். பின்னால் போன முன்தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது இதன் வேலை.

உணர்வு நரம்பு முனைகள் இங்கே அதிகம் என்பதால் தொடு உணர்ச்சியும் அதிகம். உள்ளே சிறிய தமனி ஒன்றும் ஓடுகிறது. அதனால்தான் சின்னக் கிழிசலுக்கே துணி நனைகிறது. ஆனால் விறைப்பு என்பது குறியின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற திசுக்களில் ரத்தம் நிறைவதால் வருவது. அதில் இந்தத் தோலுக்குப் பங்கில்லை. சுன்னத் செய்துகொண்ட பலருக்கு இது முழுதாகவோ பாதியாகவோ நீங்கியிருக்கும். அதனால் அவர்கள் ஆண்மை குறைந்துவிடுவதில்லை.

கிழிந்துவிட்டால்

சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். விறைப்பு அடங்கும்போது ரத்தமும் குறையும். மஞ்சள்தூள், காபித்தூள், டெட்டால் எதுவும் வேண்டாம். அழுத்தியும் நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பிறகு தினமும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். வலி போய், தோல் நன்றாகக் கூடும் வரை உறவு வேண்டாம். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அவசரப்படுகிறவர்களுக்கு அதே இடம் மறுபடி கிழிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். ஆணுறை இல்லாமல் உறவுகொண்டபோது கிழிந்து, துணையின் எச்.ஐ.வி. நிலை தெரியாது என்றால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உறவின்போது 'பட்' என்று சத்தம் கேட்டு, விறைப்பு சட்டென்று அடங்கி, குறி கறுத்து வீங்கினால் அது வேறு விஷயம்: உள்ளே விறைப்புத் திசுவின் உறை கிழிந்திருக்கிறது. அன்றைக்கே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போயாக வேண்டும்.

திரும்பத் திரும்பக் கிழிந்தால்

சிலருக்குப் பிறவியிலேயே இந்தத் தோல் குட்டை. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளினால் மொட்டு கீழ்நோக்கி வளையும், சுருக்கென்று இழுக்கும். ஒவ்வொரு முறை கிழிந்து ஆறும்போதும் தழும்பு விழுகிறது. தழும்புக்கு நெகிழ்வு கிடையாது, ஆகவே இன்னும் எளிதாகக் கிழியும். இதற்கு எளிய அறுவை சிகிச்சை உண்டு. மரப்பு ஊசி போட்டு, தோலைக் குறுக்கே வெட்டி நெடுக்கே தைப்பார்கள், நீளம் கூடிவிடும். தையல் தானே கரையும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். நூலால் கட்டியோ பிளேடால் கீறியோ சொந்த வைத்தியம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நாற்பது வயதுக்கு மேல் புதிதாக முன்தோல் வெடிக்கிறது, அரிக்கிறது, வெள்ளையாகப் படிகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் எழுதுவது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை நோய் இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரியவருகிறது. டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அந்த இடத்தில் பூஞ்சை வளரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சிறு பையன்களுக்கு

கைக்குழந்தையின் முன்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளர அதுவே பிரியும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இழுத்துவிடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தோலும் கிழியும், தழும்பும் விழும். வெளியே கழுவினால் போதும்.

வாயால் சொல்லக் கூச்சமா?

ஆண்மை வளர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் பேருந்து நிலையச் சுவர்களில் லாட்ஜ் அறை எண்ணோடு சுவரொட்டிகள் இருக்கத்தான் செய்கின்றன. கூச்சத்தால் அந்தப் போலி வைத்தியர்களிடம் போகாதீர்கள். அரசு மருத்துவமனையில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவோ பொது அறுவை சிகிச்சைப் பிரிவோ இதைப் பார்க்கும். சொல்லக் கூச்சமாக இருந்தால், 'அடித்தோல் கிழிந்திருக்கிறது' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுங்கள். மீதியை மருத்துவரே கேட்டுக்கொள்வார்.